பறந்துகொண்டே இருக்கும் குண்டு

கடலூர் முதுநகரில் எனக்குச் சின்னதாக ஒரு கடை. படகுகளுக்கான ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் விற்பதும் பழுது பார்ப்பதும்தான் வேலை. கருவியைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிற மீனவர் முதலில் சொல்வது, “உள்ள இருக்கிற பாயிண்ட்டை மட்டும் பாக்காதீங்க” என்பதாகத்தான் இருக்கும். மீன்பாடு நன்றாக இருக்கும் இடத்தின் எண்கள் அவர்களுக்கு வீட்டுப் பத்திரம் மாதிரி. நேற்று எங்கே வலை போட்டீர்கள் என்று டீக்கடையில் யாராவது கேட்டால், தெற்கே போய் வந்தவர் வடக்கே கை காட்டுவார். கேட்டவருக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்துதான் கேட்டார் என்று சொன்னவருக்கும் தெரியும். யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது.

ஜியோகேச்சிங் என்கிற பொழுதுபோக்கில் நான் ஒட்டிக்கொண்டதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். அங்கேயும் இதே எண்கள், இதே ஒளித்து வைத்தல், இதே புளுகு.

தெரியாதவர்களுக்காக: ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுப்பார். மற்றவர்கள் தேடிப் போய், உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, ‘கிடைத்தது’ என்று இணையத்தில் பதிவு போடுவார்கள். டப்பாவுக்குப் பெயர் கேச். பதிவுக்குப் பெயர் லாக். ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையால் அந்தக் காலத்தில் நூறு மீட்டர் வரை இடம் தவறும். 2000 மே 2 அன்று அந்தப் பிழையை எடுத்தார்கள். மறுநாளே ஒரிகான் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊர்ப்பக்கம் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் புத்தகம், கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் போட்டு வைத்து, எண்களை இணையத்தில் அறிவித்தார். மூன்றே நாளில் அதை இரண்டு முறை கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்டம் அங்கே தொடங்கியது.

இந்த ஆட்டத்துக்குள் புளுகுக்கென்றே ஒரு தனி வழக்கம் இருக்கிறது. டப்பா வைத்தவர் அதன் அறிமுகக் கதையை முழுக்க முழுக்க அண்டப்புளுகு ஆகாசப்புளுகாக எழுதுவார். தேடிப் போனவர்களும் லாகில் தங்கள் பங்குக்கு ஒரு புளுகு எழுதுவார்கள். எண்கள் உண்மை, டப்பா உண்மை, மற்றதெல்லாம் கப்சா. ஆனால் ‘புளுகு எழுதினால்தான் கணக்கில் சேர்ப்பேன்’ என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 2009 முதல் அதற்கு விதியே இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் போதும். புளுகுவது அவரவர் ஆசை.

கடலூர்க்காரனுக்கு இப்படி ஒரு கேச் வைக்க ஆசை வராமல் இருக்குமா? எங்கள் ஊர் வரலாறே புளுகு மாதிரிதான் இருக்கும். தேவனாம்பட்டினத்தில் இருக்கும் கோட்டையை 1690-இல் செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். பேரம் என்ன தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் சேர்த்து. அப்படியே சுட்டார்கள். குண்டு போன எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. இன்றைக்கும் கடலூரில் குண்டு சாலை உண்டு, குண்டு உப்பலவாடி உண்டு. வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால், காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பார்கள்.

இந்தக் குண்டை வைத்துத்தான் நான் கதை எழுதினேன். முதலில் எழுதிய கதை தவறான கதை. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கதை இதுதான்: கடைசியாகச் சுட்ட குண்டு விழுந்த இடத்தில், எல்லைக்கு அடையாளமாக ஒரு துரை வெள்ளிக் காசுகள் நிறைந்த பானையைப் புதைத்தார், பிறகு காய்ச்சலில் இறந்துபோனார், பானை இன்னும் அங்கேயே இருக்கிறது. குண்டு உப்பலவாடிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் வேலியோரம், ஒரு பட்ட மரத்தின் பொந்தில் டப்பாவை வைக்கத் திட்டம். எழுதியதை வெளியிடுவதற்கு முன்பு, அபிப்பிராயம் கேட்கலாம் என்று நண்பர்கள் குழுவில் போட்டேன். ‘பிரமாதம், நிஜம் மாதிரியே இருக்கு’ என்றார்கள். அந்தப் பாராட்டிலேயே சிக்கல் இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

யாரோ ஒருவர் பானை வரும் பத்தியை மட்டும் படம் பிடித்து வேறொரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து இன்னொன்று. எட்டாம் நாள் காலையில் தாழங்குடாவில் இருக்கும் என் மாமா பையன் போன் பண்ணினான். “மச்சான், உன் கதைக்கு ஆள் கிளம்பிடுச்சு. கடப்பாரையோட.”

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஆட்கள் போய்விட்டார்கள். வேலியோரமாக ஐந்து குழிகள். முழங்கால் ஆழம். கீழ்மண் ஈரமாக மேலே வாரிக் கொட்டப்பட்டு, வெயிலில் ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்திருந்தன. குழிகளில் மூன்று, தோப்புக்காரர் நட்டு ஆறு மாதமே ஆன தென்னம்பிள்ளைகளை ஒட்டித் தோண்டியவை. ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. மட்டை இன்னும் பச்சை. அடியில் தேங்காய் மட்டை ஒட்டியபடியே, சல்லிவேர்கள் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. அதைக் கையில் எடுத்து நிறுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை.

தோப்புக்காரருக்கு எழுபது வயது இருக்கும். கத்தவில்லை. “கதை எழுதினது நீதானா தம்பி?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நீ எழுதிட்டுப் போயிட்ட. குழியில என் புள்ளைங்க மூணு போச்சு.”

அவரிடம் முன்பே அனுமதி கேட்காதது என் முதல் தவறு. டப்பா வேலிக்கு வெளியேதானே இருக்கப்போகிறது, கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன். யாருடைய இடமோ அவரிடம் கேட்டுவிட்டுத்தான் டப்பா வைக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை விதி. மண்ணைத் தோண்டி வைக்கக் கூடாது என்பதும் அப்படித்தான். உல்மரின் முதல் வாளி பாதி மண்ணில் புதைந்துதான் இருந்தது. அதையும் மீறி இன்றைக்கு அந்த விதி இருக்கிறது என்றால் காரணம் இருக்கும் அல்லவா? ஒருவர் புதைத்தால், பின்னால் வருபவர்கள் எல்லாரும் தோண்டுவார்கள். நான் டப்பாவைப் புதைக்கவில்லை. கதையில் பானையைப் புதைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று அந்தக் குழிகளைப் பார்த்த பிறகு தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மாமா பையனும் மண்வெட்டியோடு போய்க் குழிகளை மூடினோம். நர்சரியில் மூன்று தென்னம்பிள்ளைகள் வாங்கிப் போய் அவர் காட்டிய இடத்தில் நட்டோம். அவர் கூடவே நின்று, “ஆழம் போதாது, இன்னும் ஒரு சாண்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஓலை நிழலில் உட்கார்ந்தபோதுதான் இந்த விளையாட்டைப் பற்றி முழுதாகச் சொன்னேன். பானை பொய் என்றும், குண்டு கதை உண்மை என்றும் சொன்னேன். குண்டு கதை அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. “அப்ப குண்டைப் பத்தியே புளுகேன். பானை எதுக்கு?” என்றார்.

அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிய பாடம். நம்பும்படியான பொய்தான் ஆளை ஏமாற்றும். கேட்ட மாத்திரத்தில் பொய் என்று தெரிகிற பொய் யாரையும் ஏமாற்றாது, சிரிக்க வைக்கும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். புளுகுக் கேச் எழுதுகிறவர் கேழ்வரகில் நெய் வடியத்தான் விட வேண்டும், அதுவும் குடம் குடமாக. என் பானையில் வடிந்தது அளவாகத்தான். அதனால்தான் கடப்பாரை வந்தது.

இரண்டாவது கதை இப்படித் தொடங்கியது: ‘1690-இல் சுட்ட குண்டுகளில் ஒன்று இன்னும் தரையில் விழவில்லை. குண்டு உப்பலவாடிக்கு மேலே அது பறந்துகொண்டே இருக்கிறது. விழாததால் எல்லை முடிவாகவில்லை. ஆகவே இந்த டப்பா இருக்கும் இடம் மராட்டியருடையதா, ஆங்கிலேயருடையதா என்று இன்றுவரை தெரியாது.’ முதல் வரியிலேயே புளுகு வெளிப்பட்டுவிட வேண்டும் என்பதில் கவனமாக இருந்தேன். எந்தப் பத்தியை வெட்டிப் படம் பிடித்து அனுப்பினாலும் அது பொய் என்று தெரிய வேண்டும். கதையின் தலைப்பிலும் ‘புளுகு’ என்ற சொல்லைச் சேர்த்தேன். இந்த முறை வெளியிடுவதற்கு முன்பு நண்பர்களிடம் காட்டவில்லை. துறைமுகப் பக்கம் டீக்கடையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பானைக் கதையைச் சொல்லியிருந்தால், ‘எவ்வளவு காசு இருக்கும்?’ என்றுதான் யாராவது கேட்டிருப்பார்கள். குண்டுக் கதைக்கு டீ மாஸ்டர், “மழைக்காலத்துல நனையாதா?” என்றார். அதற்கப்புறம் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது யார் புளுகுக் கேச் எழுதினாலும் இந்தச் சோதனையைச் சொல்கிறேன். கேட்பவர் பணத்தைப் பற்றிக் கேட்டால் கதையைக் கிழித்துப் போடுங்கள். பதிலுக்கு ஒரு புளுகு விட்டால் கதை தேறிவிட்டது.

டப்பா இப்போது தோப்புக்குள்ளேயே இருக்கிறது, அவர் அனுமதியோடு. ரப்பர் விளிம்பு வைத்து நான்கு பக்கமும் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டப்பா. உப்புக்காற்றில் இரும்பு தாங்காது என்பதால் தகர டப்பா வைக்கவில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி கண்ணாடி மாதிரியான டப்பாவாகவே வாங்கி, மேலே ‘இது ஜியோகேச்சிங் விளையாட்டு டப்பா’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன். இது மிகவும் முக்கியம். 2011-இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் ஒரு கேச்சை வெடிகுண்டு என்று நினைத்து, ராணுவ நிபுணர்கள் வந்து வெடிக்கச் செய்த சம்பவம் நடந்தது. கறுப்பு டேப் சுற்றிய மர்மப் பொட்டலம் வேடிக்கை ஆகாது. கடற்கரை, துறைமுகம், ரயில் நிலையம் பக்கம் அப்படி வைக்கவே கூடாது. கதையில் மர்மம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், டப்பாவில் வேண்டாம்.

லாகுகள் வர ஆரம்பித்தன. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். புதுச்சேரியிலிருந்து வந்தவர் ஒருவர் எழுதினார்: ‘கையெழுத்துப் போடும்போது குண்டு தலைக்கு மேல் போனது. குனிந்துகொண்டதால் கையெழுத்துக் கொஞ்சம் கோணல்.’ நெய்வேலிக்காரர்: ‘டப்பாவைத் திறந்தேன், உள்ளே கெடிலம் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கால் நனையும் என்று மூடிவிட்டேன்.’ ஒரு கல்லூரிப் பெண்: ‘காக்கா முதலில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டது. வடையைக் கொடுத்துப் பேனாவைத் திரும்ப வாங்கினேன்.’ என் மாமா பையன் போட்டதுதான் உச்சம்: ‘தானே புயலில் தாழங்குடாவிலிருந்து பறந்த என் வீட்டு ஓடு இந்த டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் போனால் வீட்டில் வேலை வைப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.’ 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அவன் வீட்டு ஓடுகள் உண்மையாகவே பறந்தன. அன்றைக்கு அழுதவன், இன்றைக்கு அதில் ஒரு ஓட்டைத் தேடி எடுத்துப் புளுகாக்கியிருக்கிறான். அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இந்த மாதிரி லாக் வேறு, பொய் லாக் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு நண்பர் சின்ன டப்பா வைத்திருந்தார், கட்டைவிரல் அளவுதான். அது எப்போதோ தொலைந்துபோயிருக்கிறது. வந்துகூடப் பார்க்காத யாரோ, எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வதற்காக, ‘கிடைத்தது, நன்றி’ என்று பதிவு போட்டுவிட்டார். அதை நம்பி அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் சின்னக் குழந்தையோடு வந்து, வெயிலில் இரண்டு மணி நேரம் தேடிவிட்டுப் போனது. ‘கிடைக்கவில்லை’ என்று நான்கு பேர் நேர்மையாக எழுதியிருந்தால், டப்பாக்காரர் அப்போதே போய்ப் பார்த்திருப்பார். குனிந்தேன், குண்டு போனது என்று எழுதுகிறவர் உண்மையாகவே வந்து தாளில் கையெழுத்துப் போட்டவர். ‘கிடைத்தது, நன்றி’ என்ற சாதுவான இரண்டு சொற்கள்தான் இங்கே அசல் பொய். டப்பா வைத்தவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாளை எடுத்து, இணையப் பதிவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தாளில் பெயர் இல்லாத பதிவை நீக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் எப்படியும் தாளை மாற்றத்தான் போக வேண்டியிருக்கும். அப்போதே இதையும் செய்துவிடலாம்.

எண்களிலும் பொய் கூடாது. ஒரு வகைக் கேச் மட்டும் விதிவிலக்கு: புதிர் கேச். வரைபடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கும். கொடுத்திருக்கும் எண்கள் சும்மா. விடையைக் கண்டுபிடித்தால்தான் உண்மையான எண்கள் வரும். அதிலும் உண்மையான இடம் அந்தச் சும்மா எண்களிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். கேள்விக்குறியே ‘இது பொய்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால் அதில் ஏமாற்று இல்லை.

சில சமயம் யாரும் பொய் சொல்லாமலேயே ஏமாந்ததாகத் தோன்றும். விழுப்புரத்து நண்பர் ஒருவர் கோபமாக போன் செய்தார். “கோட்டைப் பக்கம்னு போட்டுட்டு என்னைச் சேத்தியாத்தோப்புப் பக்கம் வயல்ல கொண்டுவந்து நிறுத்திட்டீங்களே” என்றார். விசாரித்ததில் விஷயம் இதுதான். கேச் எண்கள் டிகிரியும் நிமிடமுமாக இருக்கும்: வடக்கு 11 டிகிரி 44.3 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 47.0 நிமிடம் என்கிற மாதிரி. அவர் அதை 11.443, 79.470 என்று தட்டிவிட்டார். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், நூறு அல்ல. அந்தச் சின்ன வித்தியாசம் நேர்கோட்டில் 45 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிவிட்டது. எங்கள் கடைக்கு வரும் படகுக்காரர்களிடமும் இதைத்தான் சொல்வேன்: யார் எண் கொடுத்தாலும், எந்த வடிவத்தில் கொடுத்தார் என்று முதலில் கேளுங்கள். நிமிடத்தில் புள்ளிக்குப் பின்னால் மூன்றாம் இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு மீட்டருக்குள்தான் வித்தியாசம். முதல் இலக்கம் மாறினால் ஏறத்தாழ 185 மீட்டர். ஒருவரைப் புரளிக்காரர் என்று திட்டுவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

போலி டப்பா வைப்பது எனக்குப் பிடிக்கும். திறந்தால் ‘இது இல்லை, இன்னும் நாலடி தள்ளிப் போ’ என்று ஒரு சீட்டு. நான் ஒரு கொட்டாங்குச்சியில் அப்படி வைத்திருக்கிறேன். தென்னந்தோப்பில் எத்தனையோ கொட்டாங்குச்சிகள், அதில் ஒன்றுக்குள் மட்டும் சீட்டு. மாமா பையன் டப்பாவின் மேல் ரப்பர் பாம்பு ஒன்றைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தான். அன்றே போய் எடுத்துவிட்டேன். பயந்து விழுவார்கள் என்பது மட்டும் காரணமில்லை. வேலியோரம் நல்ல பாம்பு உலவுகிற ஊர் எங்களுடையது. ஒருமுறை ரப்பர் பாம்பைப் பார்த்துச் சிரித்தவர், அடுத்த முறை நிஜத்தைப் பார்த்தும் கையை நீட்டிவிடுவார். கரண்ட் பெட்டி மாதிரிப் போலிப் பெட்டி செய்து ஒட்டுவதும் இதே ரகம். போலி எது என்று தேடுகிறவர் நிஜப் பெட்டிகளையும் திறந்து பார்ப்பார்.

ஊர்க் கதைகள் எல்லாவற்றையும் புளுகுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். கரையேறவிட்டகுப்பம் என்று கடலூரில் ஓர் ஊர் இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறிய இடம் என்று வழங்கும் ஊர். அங்கே ஒரு கேச் வைக்க அவருக்கு யோசனை. வையுங்கள், அந்தக் கதையையும் எழுதுங்கள். ஆனால் புளுகுக் கேச்சாக வேண்டாம் என்றேன். ஒருவர் கும்பிடுகிற கதையின் பக்கத்தில் நம் கப்சாவை வைத்தால், அதையும் இதையும் ஒன்றாகப் படித்துவிடுவார்கள். பீரங்கிக் குண்டை யாரும் கும்பிடுவதில்லை. அது போதும் நமக்கு.

போன ஏப்ரல் 1 அன்று தோப்புக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட நாளில், உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி பிளேடால் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கி, மையில் தோய்த்து, முன்னால் நடப்பவன் சட்டை முதுகில் அச்சுக் குத்துவோம். அந்த ஞாபகத்தில் ஓர் உருளைக்கிழங்கில் குண்டு மாதிரி வட்டம் செதுக்கி, நீல மையும் எடுத்துப் போயிருந்தேன், லாக் தாளில் முத்திரை குத்த. சட்டையில் அல்ல, தாளில்.

பெங்களூரிலிருந்து ஓர் அம்மாவும் பத்து வயதுப் பெண்ணும் வந்திருந்தார்கள். கொட்டாங்குச்சிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சீட்டைப் பிடித்து, பிறகு டப்பாவையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் தோப்புக்காரரிடம் போய், “தாத்தா, குண்டு நிஜமாவே மேல போகுதா?” என்று கேட்டாள்.

அவர் கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாங்கள் நட்ட மூன்று தென்னம்பிள்ளைகளைக் காட்டினார்.

“நேத்து சாயங்காலம்கூடப் போச்சும்மா. போன வருசத்துக்கு இந்த வருசம் கொஞ்சம் தாழ்வாத்தான் போவுது. இதுங்க வேற வளந்துக்கிட்டே வருது. அதான் எனக்குக் கவலை.”

அவள் மேலே ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, குனிந்தபடியே கையெழுத்துப் போட்டாள்.